மதுரையில் காய்கறிச் சந்தா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் வாராவாரம் வந்து இறங்கும் காய்கறிப் பைகளை வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. சொந்தக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், அலுவலகத் தோழிகள் என்று பலரும் இதைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். காய் விற்கும் யாருக்காகவும் நான் பேசவில்லை. உங்கள் வீட்டுக்கு எது சரிப்படும் என்று பார்ப்பதற்கு இது உதவ வேண்டும்.

சந்தான்னா என்னக்கா? ஆப்ல காய் ஆர்டர் போடுறோம்ல, அதேதானா?

இல்லை. ஆப்பில் நீங்கள் பட்டியலைப் பார்த்துக் காயைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். சந்தாவில், அந்த வாரம் தோட்டத்தில் எது பறிக்கிற பதத்தில் இருக்கிறதோ அது, பேசி வைத்த தொகைக்குப் பையாகவோ பெட்டியாகவோ வீட்டுக்கு வரும். பெரும்பாலும் வாரம் ஒருமுறை வரும், சிலர் இரண்டு முறையும் தருகிறார்கள். நான்கைந்து காய், இரண்டு கட்டுக் கீரை, கொஞ்சம் கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று இருக்கும்.

சந்தா நடத்துகிறவர்களில் மூன்று வகை உண்டு. விவசாயியே நேராகக் கொண்டுவருவது ஒன்று. பல விவசாயிகள் குழுவாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ சேர்ந்து அனுப்புவது இன்னொன்று. ஊரில் இருக்கும் ஒருவர் பல தோட்டங்களில் வாங்கிப் பை கட்டி அனுப்புவது மூன்றாவது. எந்த வகையிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சேரப்போவது எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்கள் அதைப் பொறுத்தவை.

நம்ம ஊர்ல உழவர் சந்தை இருக்கு, வாசலுக்குத் தள்ளுவண்டி வருது. அப்புறம் இது என்னத்துக்கு?

உழவர் சந்தை நடக்கிற தூரத்தில் இருந்து, காலையில் போய்வர நேரமும் இருந்தால் உங்களுக்குச் சந்தா தேவையில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14 அன்று நம் அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அடையாள அட்டை வாங்கிய விவசாயி கமிஷன் கொடுக்காமல் தன் காயைத் தானே விற்கும் இடம் அது. அங்கே மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி தினமும் விலை குறித்துப் பலகையில் எழுதுகிறார்கள். இதைவிட நியாயமான ஏற்பாடு நகரத்துக்குள் அமைவது கடினம்.

கணவன், மனைவி இருவரும் காலை எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் வீடு, பிள்ளைகள் வெளியூரில் இருக்கப் பெரியவர்கள் மட்டும் வசிக்கும் வீடு, நாகமலை புதுக்கோட்டை, திருநகர் பக்கம் சந்தைக்குத் தள்ளி இருக்கும் வீடு ஆகியவற்றுக்குச் சந்தா நன்றாகப் பயன்படும். இன்னொரு சாராரும் உண்டு: காய் எந்த முறையில் விளைந்தது என்று தெரிந்து வாங்க நினைப்பவர்கள். உழவர் சந்தையில் விற்பவர் விவசாயிதான், ஆனால் மருந்து அடிக்காத காய் என்று அங்கே யாரும் உறுதி கொடுப்பதில்லை.

தள்ளுவண்டிக்காரரை விட்டுவிடாதீர்கள். விடியுமுன் மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சரக்கெடுத்து வெயிலில் தெருத்தெருவாக வருகிறவர் அவர். சந்தாவில் வராத பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, திடீரென்று தேவைப்படும் தேங்காய், எலுமிச்சைக்கு அவர்தான் வேண்டும்.

விலை கட்டுப்படியாகுமா? அதைச் சொல்லுங்க முதல்ல.

மார்க்கெட் விலையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு கூட என்பதைப் பெட்டியின் விலையை வைத்துச் சொல்ல முடியாது. நான்கு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். வந்த ஒவ்வொரு காயையும் வீட்டில் எடை போட்டு, அன்றைய உழவர் சந்தை விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அதில் எத்தனை கிலோ உண்மையிலேயே சமையலுக்கு ஆனது என்றும் எழுதுங்கள். 450 ரூபாய்க்கு ஐந்து கிலோ வந்து அதில் ஒரு கிலோ முத்தலாகவும் வதங்கலாகவும் குப்பைக்குப் போனால், நீங்கள் கொடுத்தது கிலோவுக்கு 90 ரூபாய் அல்ல, 112 ரூபாய் 50 காசு.

ஒரே வாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதற்குக் காரணம் உண்டு. சந்தா விலை மாதக்கணக்கில் ஒரே அளவில் நிற்கும், மார்க்கெட் விலை ஏறி இறங்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சந்தா மலிவாகத் தெரிந்திருக்கும். அதே தக்காளியை விற்க முடியாமல் ரோட்டில் கொட்டும் மாதத்தில் சந்தா கொள்ளை விலையாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நியாயமான விலை விவசாயிக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். அதைப் பின்னால் தனியாகவே எழுதியிருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம்: பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் காய்க்கு வரி போட்டிருந்தால் என்ன கணக்கு என்று கேளுங்கள். கொண்டுவந்து தரும் கூலி விலையில் சேர்ந்ததா, தனியா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

நாங்க நாலு பேரு. எத்தனை கிலோ பெட்டி எடுக்கலாம்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, கீரை என்று இருக்கிறது. அதன்படி நான்கு பேருக்கு வாரம் 11 கிலோவுக்கு மேல் ஆகும். எங்கள் குடியிருப்பில் அந்த அளவுக்குச் சாப்பிடும் வீடு எதையும் நான் பார்க்கவில்லை. எனவே ஐந்து கிலோ அளவில் ஆரம்பியுங்கள், வெங்காயம் தக்காளியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கூட்டுவது சுலபம். பெரிய பெட்டி எடுத்துவிட்டு வாராவாரம் அழுகியதைக் கொட்டும் வீடு மூன்றாம் மாதம் சந்தாவையே நிறுத்திவிடும்.

கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் வருமா?

எங்கே விளைகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் பெரியாறு, வைகைப் பாசனத்திலும் கிணற்றுத் தண்ணீரிலும் வருவது நாட்டுக்காய்: கத்தரி, வெண்டை, சுரை, பீர்க்கு, புடல், பாகல், கொத்தவரை, அவரை, பூசணி, முருங்கை, கீரை, வாழையில் காய், பூ, தண்டு மூன்றும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி அதிகம், அங்கே மொச்சை, தட்டைப்பயறு மாதிரியானவை நன்றாக வரும். இங்கிலீஷ் காய் என்று நாம் சொல்லும் கேரட், பீன்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸுக்குக் குளிர் வேண்டும். அவை கொடைக்கானல் மலையிலிருந்து வரும், அதுவே சுமார் 120 கிலோமீட்டர். சின்ன வெங்காயம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வரும். பெரிய வெங்காயம் பெரும்பாலும் மகாராஷ்டிரத்துச் சரக்கு.

கொடைக்கானல் கேரட் வருவதில் தப்பில்லை, 'மலைக்காய்' என்று சொல்லி அனுப்பினால் சரி. ஆனால் 'எங்கள் மேலூர்த் தோட்டத்துக் காய்' என்று சொல்லிவிட்டு சித்திரை வெயிலில் காலிஃபிளவர் அனுப்பினால், அது தோட்டத்திலிருந்து வரவில்லை, மார்க்கெட்டிலிருந்து வந்தது. நாட்டுக்காய் எந்த ஊர், மலைக்காய் எந்த ஊர் என்று ஒரு சீட்டு எழுதிப் பையில் போடுகிறவர்களை நான் அதிகம் நம்புவேன்.

எப்பப் பாத்தாலும் சுரைக்காயும் பூசணியுமே வருதே, ஏமாத்துறாங்களா?

சில மாதங்களில் அது ஏமாற்று அல்ல, மண்ணும் தண்ணீரும் அவ்வளவுதான் தருகின்றன. முருங்கை பங்குனியிலிருந்து ஆனி வரை காய்த்துத் தள்ளும், கார்த்திகை, மார்கழியில் ஒரு காய் கிடைப்பதே அபூர்வமாகி விலை எங்கோ போகும். அவரை, மொச்சைக்குப் பனிக்காலம். மாங்காய் சித்திரையில் தொடங்கும், நத்தம், அழகர்கோவில் பக்கத்திலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை அழுகிப்போகும், தக்காளிச் செடி சாயும். கோடையில் கிணறு வற்றினால் கொடிக்காயும் பூசணியும்தான் கைகொடுக்கும். தை மாதம் பை நிறையும்.

ஆனால் ஒரே காய் தொடர்ந்து நான்கு வாரம் வந்தால் அந்தத் தோட்டத்தில் பயிர்த் திட்டம் சரியில்லை என்று அர்த்தம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே போகிறவரிடம் வருஷம் முழுக்க ஏழெட்டு வகை இருக்கும். ஆடிப்பட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டவரிடம் ஒரே நேரத்தில் குவியும், ஒரே நேரத்தில் நிற்கும். சேருமுன் 'போன வருஷம் கார்த்திகையிலும் சித்திரையிலும் என்ன கொடுத்தீர்கள்?' என்று கேளுங்கள். நடத்திப் பார்த்தவர் உடனே சொல்லுவார்.

'இயற்கை விவசாயம்'னு எல்லாரும் போர்டு வைக்கிறாங்க. எதை நம்புறது?

போர்டை விட்டுவிட்டுச் சான்றிதழைப் பாருங்கள். நம் நாட்டில் இரண்டு முறை இருக்கின்றன. ஒன்று என்பிஓபி, அதாவது வெளி நிறுவனம் நிலத்துக்கு வந்து சோதித்துக் கொடுப்பது. நம் மாநிலத்தில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறை அதைச் செய்கிறது. மற்றொன்று பிஜிஎஸ் இந்தியா: பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. சிறு விவசாயிகளுக்கு இதுதான் கைக்கு எட்டும் வழி. இதில் 'கிரீன்' என்று இருந்தால் மாறிக்கொண்டிருக்கும் நிலம், 'ஆர்கானிக்' என்று இருந்தால் மாறி முடித்த நிலம்.

ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே நிலம் இயற்கை நிலம் ஆகிவிடாது. என்பிஓபி விதியில் காய்கறி மாதிரிக் குறுகிய காலப் பயிருக்கு இரண்டு வருஷமும், தென்னை, மா போன்ற நீண்ட காலப் பயிருக்கு மூன்று வருஷமும் மாற்றக் காலம். 'போன மாசம்தான் ஆரம்பிச்சோம், முழுக்க ஆர்கானிக்' என்று சொல்கிறவரிடம் இதைக் கேளுங்கள். சான்றிதழ் காட்டினால் அதில் உள்ள பெயர், சர்வே எண், பயிர், தேதி நான்கையும் படியுங்கள். தென்னந்தோப்புக்கு வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு கத்தரிக்காய் விற்க முடியாது.

சான்றிதழ் இல்லாத விவசாயி நல்லவரா இருந்தா வாங்கக் கூடாதா?

தாராளமாக வாங்கலாம். ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் பலருக்கு விண்ணப்பம், பதிவேடு, அலைச்சல் எல்லாம் பெரிய பாரம். அங்கே நீங்கள் நேரில் போய்ப் பார்ப்பதுதான் சான்றிதழ். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரே பயிர் பரப்பிக் கிடக்கிறதா, கலந்து போட்டிருக்கிறாரா, மாடு இருக்கிறதா, எருக்குழி இருக்கிறதா, வரப்போரம் காலி மருந்துப் பாட்டில் கிடக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: 'கத்தரியில தண்டுத் துளைப்பான், காய்த் துளைப்பான் வந்தா என்ன செய்வீங்கண்ணே?' உண்மையில் மருந்தடிக்காமல் கத்தரி வளர்ப்பவர் இதற்கு அரைமணி நேரம் பேசுவார். நுனி வாடியதை ஒடித்து எடுத்து அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல், எவ்வளவு காய் சொத்தையாகப் போனது என்று கணக்கோடு சொல்லுவார். 'அதெல்லாம் வராதும்மா' என்று ஒரு வார்த்தையில் முடிப்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

மருந்தே அடிப்பதில்லை என்று சொல்லாமல், 'தேவைப்பட்டா அடிப்பேன், அடிச்சு இத்தனை நாள் கழிச்சுத்தான் பறிப்பேன்' என்று சொல்லும் விவசாயியும் எனக்கு மரியாதைக்குரியவர். மருந்துப் பாட்டிலிலேயே பறிப்பதற்கு முந்தைய காத்திருப்புக் காலம் போட்டிருக்கும். அதை மதிப்பவர் தரும் காய், பொய்யான 'ஆர்கானிக்' காயைவிடப் பாதுகாப்பானது.

புழு இருந்தா அதுதான் ஒரிஜினல் இயற்கைக் காய்னு எங்க அத்தை சொல்றாங்க...

அப்படிச் சொல்ல முடியாது. பூச்சிகளுக்கு மருந்து பழகிப்போய்விடும், மருந்தடித்த வயலிலும் புழு இருக்கும். நன்றாகப் பராமரிக்கும் இயற்கைத் தோட்டத்தில் புழு குறைவாகவும் இருக்கும். புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எதையும் நிரூபிக்காது.

கழுவுனா மருந்து போயிருமா? உப்புத் தண்ணி, புளித்தண்ணின்னு என்னென்னமோ சொல்றாங்க.

தோலின் மேல் ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதே பெரும் வேலையைச் செய்துவிடும், உப்போ புளியோ போட்டு ஊறவைத்தால் தப்பில்லை. செடிக்குள் ஊடுருவிப் பாயும் வகை மருந்துகள் காயின் சதையிலேயே இருக்கும், அவற்றை எந்தத் தண்ணீரும் எடுக்காது. அதனால்தான் வயலில் என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு நான் இவ்வளவு இடம் கொடுத்தேன்.

சிலர் ஆய்வக அறிக்கை காட்டுவார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது, தனியாரிடமும் உண்டு. அறிக்கையில் தேதியையும் எந்தக் காய் என்பதையும் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் கொடுத்த ஒரு கிலோ வெண்டைக்காயின் அறிக்கை, இந்த வாரத்துத் தக்காளியைப் பற்றி எதுவும் சொல்லாது.

மூணு மாசப் பணத்தை முன்னாடியே கேக்குறாங்க. குடுக்கலாமா?

நேரடி விவசாயிக்கு முன்பணம் கொடுப்பதில் பெரிய அர்த்தம் இருக்கிறது. விதை, நாற்று, களையெடுப்புக் கூலி எல்லாம் அறுவடைக்கு முன்னால் வரும் செலவு. அதை வட்டிக்கு வாங்குகிறவருக்கு உங்கள் முன்பணம் வட்டியில்லாக் கடன் மாதிரி உதவும். ஜப்பானில் 1970-களில் குடும்பங்களும் விவசாயிகளும் இப்படிச் சேர்ந்துதான் இந்த முறையை வளர்த்தார்கள். மழையில் பயிர் போனால் அந்த நஷ்டத்தில் கொஞ்சம் நாமும் ஏற்கிறோம் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்தி.

ஆனால் வாங்கி விற்கும் நிறுவனம் முன்பணம் கேட்டால் இந்த நியாயம் பொருந்தாது. அவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். யாராக இருந்தாலும் முதல் மாதம் வாராவாரம் கொடுத்துப் பாருங்கள், சரியாக நடந்தால் பிறகு மூன்று மாதத்துக்குக் கொடுக்கலாம். காய் வராத வாரத்துக்கு என்ன செய்வார்கள், ஊருக்குப் போனால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

ஆட்டோ பே போடச் சொல்றாங்களே?

போடலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. எப்போது வேண்டுமானாலும் உங்கள் யுபிஐ ஆப்பிலேயே ரத்து செய்யலாம், அவர்களிடம் கேட்கத் தேவையில்லை. உச்சவரம்பை மாதச் சந்தாத் தொகைக்கு மேல் வைக்காதீர்கள்.

கீரை வீட்டுக்கு வரும்போதே வதங்கிப்போய் வருது. என்ன செய்யலாம்?

எப்போது பறிக்கிறார்கள், எப்போது வருகிறது என்று கேளுங்கள். மதுரை வெயிலில் காலை பத்து மணிக்குப் பறித்துச் சாயங்காலம் வரும் கீரை தாங்காது. முந்தின நாள் மாலை வெயில் தாழ்ந்தபின் பறித்து, ஈரச்சாக்கு போர்த்தி வைத்து, விடிந்ததும் கொண்டுவருவது நல்லது. அதிகாலையில் பறித்து ஒன்பது மணிக்குள் தருவது அதைவிட நல்லது. பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிக் கட்டிய கீரை வேர்த்து அழுகும். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு மாநிலத்தில் தடையும் இருக்கிறது, துணிப்பையில் தரச் சொல்லுங்கள்.

பகலில் வீடு பூட்டியிருக்கும் என்றால் நிழலான ஓர் இடத்தைப் பேசி வையுங்கள். எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே பைகள் இருக்கும். காவலாளி அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறோம், மாதம் ஒரு பை அவருக்கும் உண்டு.

பெட்டி வந்ததும் அப்படியே ஃபிரிட்ஜ்ல வச்சா போதுமா?

போதாது. கீரையை முதல் இரண்டு நாளில் சமைத்துவிடுங்கள். கழுவாமல் வேரை நறுக்கி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். முருங்கைக்கீரையைக் கொத்தோடு துணியில் இறுக்கிச் சுற்றி இரவு வைத்தால் காலையில் இலை தானே உதிர்ந்திருக்கும், உருவும் வேலை மிச்சம். வெண்டைக்காயில் ஈரம் இருக்கக் கூடாது. தக்காளி பழுக்கும்வரை வெளியில் இருக்கட்டும், குளிரில் ருசி போய்விடும். வாழைப்பழத்தை மற்ற காய்களோடு சேர்த்து வைத்தால் அவையும் சீக்கிரம் பழுத்துக் கெடும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். சுரை, பூசணி, சேனை பொறுமையானவை, அவற்றை வாரக் கடைசிக்கு வையுங்கள்.

வீட்டுல ஒருத்தருக்குக் கிட்னி பிரச்சினை. இதுல நாம காயைத் தேர்ந்தெடுக்க முடியாதே?

உண்மைதான், அப்படிப்பட்ட வீட்டுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள சந்தாதான் சரி. சிறுநீரகக் கோளாறில் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கீரை வகை, முருங்கைக்கீரை, வாழை போன்றவற்றில் கவனம் வேண்டும். எதைச் சேர்க்கலாம் என்று மருத்துவரிடமே பட்டியல் வாங்கி, சந்தாக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. வாரம் இரண்டு கட்டுக் கீரை புதிதாக வரத் தொடங்கும் வீட்டில் இதை முன்னாலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு ரோடெல்லாம் அடைச்சிருவாங்களே, அப்ப?

தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம், சிம்மக்கல், மாசி வீதிகளுக்கு வண்டி வராது. நல்ல சந்தாக்காரர் இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுவார் அல்லது அந்த வாரத்தை விட்டு அடுத்த மாதக் கணக்கில் சேர்ப்பார். பொங்கலுக்கு மஞ்சள் குலை, கரும்பு, சிறுகிழங்கு, மொச்சை தனியாகத் தருவார்களா என்பதை மார்கழியிலேயே கேட்டுவிடுங்கள்.

நம்ம குடுக்குற காசுல விவசாயிக்கு நிஜமாவே எவ்வளவு போகுது?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும், ஆனால் கேட்பவர்கள் குறைவு. விவசாயி காயை மார்க்கெட்டுக்கு அனுப்பினால் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் கழித்து மீதிதான் அவர் கையில். விலை என்ன என்பதும் காயை இறக்கிய பிறகுதான் தெரியும். நல்ல சந்தா இந்த இரண்டையும் மாற்ற வேண்டும்: இப்படிக் கழிக்கும் தொகை குறைய வேண்டும், விலை முன்கூட்டியே தெரிய வேண்டும்.

விவசாயியே நடத்தினால் கேள்விக்கே இடமில்லை. வாங்கி விற்பவர் என்றால் நேராகக் கேளுங்கள்: 'இந்த வெண்டைக்காய்க்குத் தோட்டத்தில் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள்? மார்க்கெட் விலை இறங்கினாலும் அதே விலையா? பணம் எத்தனை நாளில் போகிறது?' சிலர் பையில் வைக்கும் சீட்டிலேயே இதை எழுதுகிறார்கள். பை கட்டுவது, வண்டி, வீணாவது, சம்பளம் எல்லாம் செலவுதான், அவர்கள் ஒரு பங்கு எடுப்பது நியாயம். எவ்வளவு என்பதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. 'விவசாயியைக் காப்போம்' என்று பையில் அச்சடித்துவிட்டு மார்க்கெட் விலைக்கும் கீழே வாங்குகிறவர்களுக்கு, அதே காயை மாட்டுத்தாவணியில் வாங்கி விற்கும் சாதாரண வியாபாரி எவ்வளவோ மேல்.

பிடிக்கலைன்னா எப்படி நிறுத்துறது? மீதிப் பணம் தரலைன்னா?

முன்பணக் கேள்வியில் சொன்னபடி எழுதி வாங்கியிருந்தால் பெரும்பாலும் பேசியே முடிந்துவிடும். கெட்ட காய் வந்தால் அன்றே, எடையும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த வாரம் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு சின்ன விவசாயி மழையில் பயிர் போய்த் தவிக்கும்போது இரண்டு வாரப் பைக்காக அவரை அங்கே இழுக்காதீர்கள். அடுத்த பட்டத்தில் ஈடு கட்டச் சொன்னால் கட்டுவார்.

நாங்களே பத்து வீடு சேர்ந்து நேரா தோட்டத்துல வாங்குனா என்ன?

செய்யுங்கள், இதைப் போல நல்ல வழி வேறில்லை. சில நடைமுறைச் சிக்கல்கள் மட்டும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும். ஒரே விவசாயியால் பத்து வகைக் காய் கொடுக்க முடியாது, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும், அவருக்கு வண்டிச் செலவு தனியாகக் கொடுங்கள். குடியிருப்பில் கணக்கு எழுத ஒருவர், பிரித்துக் கொடுக்க ஒருவர் என இரண்டு பேர் போதும், ஆனால் அவர்கள் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரே ஆள் தலையில் விழுந்தால் ஆறு மாதத்தில் நின்றுபோகும்.

விலையை வாராவாரம் பேரம் பேசாதீர்கள். கடந்த சில மாத உழவர் சந்தை விலையின் சராசரியை எடுத்து, ஒவ்வொரு காய்க்கும் மூன்று மாதத்துக்கு ஒரே விலை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளுங்கள். பணத்தைக் காய் இறங்கிய அன்றே கொடுத்துவிடுங்கள். 'இந்த வாரம் வேண்டாம்' என்று சொல்லும் வீடுகள் பறிக்கும் நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும், பறித்த பிறகு சொன்னால் அந்தப் பையின் விலை அந்த வீட்டுக்குத்தான். விளைச்சல் குவியும் வாரத்தில் கூடுதலாக இரண்டு கிலோ எடுத்து வற்றல் போடவோ ஊறுகாய் போடவோ முன்வரும் வீடுகளை முதலிலேயே குறித்து வையுங்கள், விவசாயிக்கு அது பெரிய உதவி.

தை மாதத்தில் ஆரம்பியுங்கள், தோட்டத்தில் காய் நிறைய இருக்கும், பிழைகள் தாங்கும். முதல் மாதத்துக்குக் கீரை, கத்தரி, வெண்டை, சுரை, அவரை ஐந்தும் போதும். மற்றதை உழவர் சந்தையிலோ வாசலுக்கு வரும் வண்டியிலோ வாங்கிக்கொள்ளலாம்.